நடக்காதவனுக்குப் பங்கு இல்லை

என்சியோவைக் காரில் ஏற்றிக்கொள்ளப் போனபோது அவன் ஏற்கெனவே வாசலுக்கு வந்து நின்றிருந்தான். தோளில் உறைபோட்ட துப்பாக்கி, ஒரு கையில் மடக்கு நாற்காலி, மறு கையில் அவன் மனைவி பிர்க்கோ திணித்துவிட்ட மாத்திரை டப்பா. கோடையில் மருத்துவமனையில் அவன் நெஞ்சைத் திறந்து மூடியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவனுடைய வேட்டைக் கோட்டு அவனைவிடப் பெரிதாகிவிட்டது.

“நாற்காலி எதுக்கு?” என்றேன்.

“உக்காரத்தான். ஏன், நீ அது மேல ஏறி நிப்பியா?”

சாலையோர வயல்களில் உறைபனி வெளுத்துக் கிடந்தது. நவம்பர் மாதக் காலை எப்போதுமே பாதி விழித்தபடிதான் வரும். பாதி வழியில் திடீரென்று சொன்னான்:

“ஐலா, ரைமோகிட்ட சொல்லிடு. இந்த வருஷம் என்னைக் கறிப் பங்குல சேக்க வேணாம்.”

“நீயே சொல்லு.”

“சொன்னா கத்துவான்.”

“சொல்லலன்னாலும் கத்துவான்.”

சிரித்தான். சிரிக்கும்போது தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டான். “இன்னைக்கு ஒழுங்கா அமைஞ்சா பாப்போம். இல்லன்னா துப்பாக்கிய யார்கிட்டயாவது குடுத்துட்டு வேட்டைய விட்டுடறேன். பிர்க்கோகிட்டயும் சொல்லிட்டேன்.”

நான் தபால் வண்டி ஓட்டுகிறவள். வாரம் முழுக்க என்னோடு பேசுபவை சாலையோரத்துத் தபால் பெட்டிகள்தான். வேட்டைக்குப் போகும் இந்தச் சில சனிக்கிழமைகளில்தான் என் குரல் எனக்கே கேட்கும். நாங்கள் நால்வர். ஒருவன் போய்விட்டால் மூவர் மிச்சமிருப்போம் என்பது கணக்கு. ஆனால் நாற்காலியில் ஒரு கால் போனால் மூன்று கால் மிச்சம் என்று யாரும் உட்கார்வதில்லை.

காட்டோரம் ரைமோவின் வண்டி நின்றது. அவன்தான் வேட்டைக்குத் தலைவன். பெரிய உடம்பு, சின்ன வாய். செப்போ தன் குட்டைக்கால் நாய் நெல்லியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தான். என்சியோ தானே விஷயத்தைச் சொன்னான்:

“நான் நாற்காலியில உக்காந்திருக்கப் போறேன். நடக்காதவனுக்குப் பங்கு இல்ல. அதனால கறிய மூணாப் பிரிச்சுக்குங்க.”

“ஆகா!” என்றான் செப்போ. “பனிச்சறுக்குல கால ஒடிச்சுக்கிட்டு நான் கட்டோட கெடந்தப்ப இதையேதான் எங்கிட்ட சொன்னாங்க. யாரு சொன்னது? பாதிரியாரா?”

“நான்தான் சொன்னேன்,” என்றான் என்சியோ.

“ஒரு எலும்பு கூடக் குடுக்கலையே பாவி!”

“சொன்னது சொன்னதுதானே. எனக்குன்னா மாத்திக்க முடியுமா?”

ரைமோ காப்பியின் அடிவண்டலைப் பனியில் ஊற்றினான். “மான் இன்னும் காட்டுக்குள்ள இருக்கு. இல்லாத கறிக்கு இப்பவே என்ன சண்டை? போய் நில்லுங்க.”

என்சியோவை வயலின் மூலையில் நாற்காலியோடு விட்டோம். ஒரு பக்கம் அறுவடை முடிந்த ஓட்ஸ் வயல், மறு பக்கம் இளம் ஊசியிலைக் காடு. நான் வண்டிப்பாதையில் நின்றேன், ரைமோ ஓடைக்கு அப்பால். செப்போ நெல்லியோடு காட்டுக்குள் நுழைந்தான். காத்திருக்கும்போது காடு என்னை மறந்துவிடும். அந்த மறதி எனக்குப் பிடிக்கும். ஒரு குருவி என் துப்பாக்கிக் குழலை மரக்கிளை என்று நினைத்து வந்து உட்கார்ந்து பார்த்தது.

நெல்லி தூரத்தில் குரைத்தது. குரைப்பு எதிர்த்திசையில் விலகிப் போனது. நாய் ஒரு மானைத் துரத்திக்கொண்டு போக, வேறொன்று சத்தமில்லாமல் இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும். வயல் பக்கம் ஒரே ஒரு வெடி கேட்டது.

“அடிச்சுட்டேன்,” என்றது வாக்கிடாக்கியில் என்சியோவின் குரல். இருபது வயதுக்காரனின் குரல் போல இருந்தது.

“விழுந்துச்சா?” ரைமோ கேட்டான்.

“முதுக வளைச்சுக்கிச்சு. ஓடுது. மெதுவாத்தான் ஓடுது.”

பிறகு ரைமோ: “வயித்துல பட்டிருக்கு. யாரும் அசையாதீங்க. செப்போ, முதல்ல நாயப் புடி. என்சியோ, உனக்குத்தான் சொல்றேன். நாற்காலிய விட்டு எந்திரிக்காத.”

பதில் வரவில்லை. கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டோம்.

வயிற்றில் குண்டு பட்ட மான் தூரம் போகாது. யாரும் பின்தொடரவில்லை என்றால் முதல் மறைவிலேயே படுத்துவிடும், படுத்த இடத்திலேயே உயிரும் போகும். பொறுமையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவசரப்பட்டு ஒருவன் போனால் அது எழுந்துவிடும். எழுந்தால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. இது எங்கள் நால்வருக்கும் தெரியும்.

செப்போ நாயைப் பிடித்துக்கொண்டு வந்தபின், நாங்கள் மூவரும் வயல் மூலையை அடைந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. மான் நின்ற இடத்தில் கொஞ்சம் மயிர், வயிற்றுக்குள்ளிருந்து சிதறிய செரிக்காத பச்சை. உறைபனியில் குளம்புத் தடம், அதன் மேலேயே என்சியோவின் பூட்ஸ் தடம்.

“பெர்கெலெ!” என்றான் ரைமோ. அவன் கெட்ட வார்த்தை பேசுவது அபூர்வம்.

சதுப்பின் ஓரத்தில் ஒரு மரக்கட்டைமேல் என்சியோ உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பல் நிறம். பக்கத்து இளமரத்தின் அடியில் பாசி அமுங்கி, ஈரமாக, இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

“இங்கதான் படுத்திருந்துச்சு,” என்றான் மூச்சுக்கு நடுவில். “நான் வரவும் எந்திரிச்சுடுச்சு. என்னைப் பாத்துச்சு, ரைமோ.”

“உக்காருன்னு சொன்னேன்ல?”

“சொன்ன.”

“அப்புறம் எதுக்குய்யா வந்த?”

“கொண்டுவந்து உங்க முன்னாடி போடலாம்னு...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

ரைமோ சதுப்பைப் பார்த்தான். “நீ செத்து விழுந்திருந்தா பிர்க்கோகிட்ட நான்தானே போய் நிக்கணும்? இப்ப அந்த ஜீவன் வயித்தப் பிடிச்சுக்கிட்டு எத்தனை நேரம் அலையப்போகுதோ.” பிறகு என்னிடம் திரும்பி, “இவனக் கார்ல உக்கார வெச்சுட்டு வா” என்றான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்சியோவைக் காரில் உட்கார வைத்தேன். கதவைச் சாத்தும்போது துப்பாக்கியின் குண்டுகளை எடுத்து என் கையில் வைத்தான். “இத நீயே வெச்சுக்க” என்றான். திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

மான் மறுபடி படுக்கட்டும் என்று பொறுத்திருந்துவிட்டு, நாங்கள் மூவரும் நடந்தோம். சதுப்பு பாதி உறைந்திருந்தது. அதுதான் மிக மோசமான நிலை. ஒவ்வோர் அடிக்கும் பனித்தகடு முதலில் தாங்குவதுபோல் பாசாங்கு செய்யும், நம்பி எடையை வைத்ததும் உடைந்து முழங்காலை விழுங்கும். கயிற்றின் முனையில் நெல்லி மூக்கைத் தரையோடு தேய்த்துக்கொண்டு போனது. அதன் வயிறு முழுக்கச் சேறு. ரத்தம் எப்போதாவது ஒரு துளி, ஒரு புல்லின் நுனியில், சதுப்பில் விளையும் சிவந்த குருதிநெல்லிப் பழம்போல. சில இடங்களில் நிஜமாகவே அது பழம்தான். குனிந்து ஏமாந்து நிமிர்ந்ததிலேயே என் முதுகு தேய்ந்துவிட்டது.

“இப்ப ஒரு பேருந்து வந்தா ஏறிடுவேன்,” என்றான் செப்போ. “எங்க போகுதுன்னு கூடக் கேக்க மாட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் தெம்பு வேண்டும்.

சதுப்பைத் தாண்டி, ஓடைக்கரைப் புதரில் அது படுத்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது, எழவில்லை. ரைமோ சுட்டான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சநேரம் அப்படியே நின்றான். வயிற்றைக் கீறியபோது வந்த நாற்றத்தில் நெல்லி கூடப் பின்வாங்கியது. குடல் கிழிந்து எல்லாம் உள்ளே பரவியிருந்தது. ஓடைத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினோம். விரல்கள் மரத்து, யாருடைய விரல்களோ போல ஆகின.

பிறகு இழுவை. கொம்பில் கயிறு கட்டி இரண்டு பேர் முன்னால், ஒருவர் பின்னாலிருந்து தள்ள. செத்த மான் ஒவ்வொரு புதரையும் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. வந்த வழியே திரும்பினோம். நாங்கள் உடைத்த பனி ஓட்டைகளில் கறுப்புத் தண்ணீர் எங்களுக்காகக் காத்திருந்தது. மூன்று மணிக்கெல்லாம் வெளிச்சம் கரையத் தொடங்கிவிட்டது.

கடைசி மேட்டில் என்சியோ காரைவிட்டு இறங்கி வந்து கயிற்றைப் பிடிக்கப் பார்த்தான்.

“விடு,” என்றான் ரைமோ.

“ஒரு கை...”

“விடுன்னு சொன்னேன்.”

என்சியோ விட்டான். எங்களுக்குப் பின்னால், மான் இழுபட்ட தடத்திலேயே மெல்ல நடந்து வந்தான்.

நான்கு நாள் ரைமோவின் கொட்டகையில் மான் தொங்கியது. புதன்கிழமை வேலை முடிந்ததும் கறி வெட்டக் கூடினோம். என்சியோ வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். பிர்க்கோ கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனாள்.

“கத்தி பிடிக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்றான், யாரும் கேட்காமலே. நாற்காலியை விரித்து மேசையின் கோடியில் உட்கார்ந்தான்.

அன்று எல்லோருமே ஒரு நாள் வேலையை முடித்து அடுத்த வேலைக்கு வந்தவர்கள். செப்போவின் கண்கள் சொருகின. ரைமோ தோலை உரித்தான். ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். நான் தொடையை எலும்பிலிருந்து பிரித்தேன். செப்போ அரைவை இயந்திரத்தைச் சுற்றினான். என்சியோ சவ்வை உரித்து உரித்து ஒதுக்கினான். கத்திகள் மட்டும் பேசிக்கொண்டன.

வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, இரண்டு பக்கமும் மெத்தென்ற கறி இருக்கும். மானிலேயே அதுதான் ருசி. அது முதலில் சுட்டவனுக்கு உரியது, பங்கில் சேராது. ரைமோ அதை வெட்டி எடுத்து விளக்கடியில் பிடித்தான். பச்சை படிந்து பாழாகியிருந்தது. முகர்ந்தான். கழிவு வாளியில் போட்டான். இரண்டாவதையும் போட்டான். வாளியிலிருந்து வந்த தொப்பென்ற ஓசையை என்சியோ தலைநிமிராமல் கேட்டான்.

எல்லாம் முடிந்ததும் ரைமோ மேசையைத் துடைத்துப் பங்குகளை வைக்க ஆரம்பித்தான். தொடைக்கறி, தோள், விலா, அரைத்த கறிப் பொட்டலங்கள். ஒன்றை எடுத்து இன்னொன்றில் வைப்பான், தள்ளி நின்று பார்ப்பான், மாற்றி வைப்பான். நான் மனதுக்குள் எண்ணினேன். நான்கு. செப்போ என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

“யாரு திரும்பிக்கிறது?” என்றான் ரைமோ.

எங்கள் பக்கத்தில் பங்கு பிரிக்கும் முறை இது. ஒருவர் மேசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு யாருக்கு என்று கேட்பார். பாராதவர் ஒரு பெயர் சொல்வார். சொன்னால் அதுதான், மாற்ற முடியாது. வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது.

“நான் திரும்பிக்கறேன்,” என்றான் என்சியோ. நாற்காலியைத் திருப்பிக் கதவைப் பார்த்து உட்கார்ந்தான். பின்னாலிருந்து பார்க்க அவன் கழுத்து ஒரு சிறுவனுடையதைப் போல மெலிந்திருந்தது.

“இது யாருக்கு?”

“ஐலாவுக்கு.”

“இது யாருக்கு?”

“செப்போவுக்கு. அன்னைக்குக் குடுக்காத எலும்பையும் சேத்துக்க.”

“இது யாருக்கு?”

“உனக்கு, ரைமோ.” சொல்லிவிட்டு எழப்போனான்.

“இது யாருக்கு?”

என்சியோ அசையவில்லை. “முடிஞ்சிடுச்சே.”

“முடியல. யாருக்கு?”

“தப்பாப் பிரிச்சிருக்க.”

“எனக்கு எண்ணத் தெரியும்.”

என் நாக்கு நுனிவரை அவன் பெயர் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். நான் சொல்லிவிட்டால் அது நான் கொடுத்த பிச்சையாகிவிடும். ரைமோவின் விரல் பொட்டலத்தின் மேலேயே இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

“சொல்லித் தொலையேன்,” என்றான் செப்போ. “நின்னுக்கிட்டே தூங்கிடுவேன் போல இருக்கு.”

“நடக்காதவனுக்குப் பங்கு இல்ல,” என்றான் என்சியோ கதவிடம்.

“நீ நடக்கலையா?” ரைமோ முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். “நடந்தல்ல? உக்காருன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியும் சதுப்பு வரைக்கும் நடந்தல்ல? நீ நடந்ததுனாலதான்யா எனக்கு இன்னும் இடுப்பு நிமிரல! நடக்கலையாம், நடக்கல!”

செப்போ வாயைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்தால் இடுப்பில் வலித்தது, வலித்தபடியே சிரித்தேன்.

என்சியோவின் முதுகு மட்டும் அப்படியே இருந்தது. அவன் கை மெல்ல நெஞ்சுக்குப் போய் அழுத்திக்கொண்டது. சிரிக்கிறானா வேறெதுவுமா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

“இது யாருக்கு?” ரைமோ மறுபடி கேட்டான், இப்போது தணிந்து.

“என்சியோவுக்கு,” என்றான் அவன். பக்கத்து ஊர்க்காரன் ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல.

ரைமோ விரலை எடுத்தான். உடனே பக்கத்துப் பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். “தரையக் கழுவணும். என்னால முடியாது.”

யாராலும் முடியவில்லை. எல்லோரும் அவரவர் இடத்தில் கிடந்தோம். கொஞ்ச நேரம் கழித்து என்சியோ நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினான். கண்கள் சிவந்திருந்தன.

“அந்தத் தண்ணிக் குழாய இங்க நீட்டு, ஐலா,” என்றான். “உக்காந்துக்கிட்டே அடிக்கறேன். எல்லாரும் காலத் தூக்குங்க.”