பத்தாவது பீக்கர்

“செக் மண்ணு கெட்டுப்போச்சு போலிருக்கு,” என்றான் கண்ணாடி.

மண் பரிசோதனைக் கூடத்தில் காலை பத்தேகால் மணி. மூக்குக்கண்ணாடியால் அந்தப் பெயர் வாங்கிய உதவியாளன் அவன்; மாதக் கடைசி என்பதால் அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தான். புள்ளி ஜன்னலோரம் நின்று சல்லடையை உதறிக்கொண்டிருந்தாள்.

“மண்ணு என்ன பாலா, கெட்டுப்போக?” என்று சிரித்தாள்.

“நீங்களே பாருங்க. எல்லா நாளும் நாலு புள்ளி ஒன்பது. ஒரே ஒரு நாள் மட்டும் எட்டு புள்ளி மூணு.”

அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது. “எந்த நாள்?”

“போன வாரத்துக்கு முந்தின வியாழன்.”

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள்.

அவளுக்குப் புள்ளி என்று பெயர் வைத்ததே இந்தக் கூடத்து ஆட்கள்தான். தசமப் புள்ளியை யாராவது இடம் மாற்றிவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குச் சாப்பாடு இறங்காதபடி திட்டுவாள். அப்பேர்ப்பட்டவள்தான் அந்த வியாழக்கிழமை ஒரு காரியம் செய்திருந்தாள்.

கூடத்தின் வழக்கம் எளிமையானது. காயவைத்துச் சலித்த மண்ணைத் தண்ணீரில் கலக்கி, பீக்கர்களை வரிசையாக வைப்பார்கள். ஒன்பது பீக்கரில் விவசாயிகளின் மண். பத்தாவதில் செக் மண், அதாவது அலமாரி ஜாடியில் இருக்கும், அளவு முன்பே தெரிந்த மண். அது பி.எச். மீட்டரில் எப்போதும் நாலு புள்ளி ஒன்பது காட்ட வேண்டும், நல்ல புளிப்பு மண்; ஏழுக்கு மேலே போனால்தான் கார மண். காட்டாவிட்டால் அந்த வரிசையையே மறுபடி செய்ய வேண்டும்.

அன்று அக்காவின் வயல் மண் பையில் வந்திருந்தது. டோக்கன் போட்டால் மூன்று வாரம் ஆகும். கூடப்பிறந்தவளை மூன்று வாரம் காக்கவைப்பதா என்று, டோக்கன் இல்லாமலேயே அக்காவின் பீக்கரை ஒன்பதாவதற்கு அடுத்து நுழைத்து, செக் மண்ணை ஒரு இடம் தள்ளி வைத்தாள். சரியாக அப்போதுதான் யாரோ கவுன்டரில் கூப்பிட்டார்கள். போகும்போது, “கடைசி ஒண்ணை மட்டும் தனிச் சீட்டுல எழுதிடு,” என்று கண்ணாடியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் எழுதினான். பத்தாவதை வழக்கப்படி செக் மண் என்று பதிவேட்டில் எழுதினான். கடைசியாக நின்றதைச் சீட்டில் எழுதினான். எழுதுவது மட்டும்தான் அவன் வேலை; செக் மண்ணின் எண்ணைச் சரிபார்க்க வேண்டியவள் அவள், அன்று பார்க்கவில்லை.

ஆக, அக்காவுக்குப் போன நாலு புள்ளி ஒன்பது அக்காவின் மண்ணே இல்லை. ஆயிரம் தடவை பார்த்த எண். சீட்டில் பார்த்தபோது கண்ணில் பட்டது, மூளையில் படவில்லை. அதை நம்பி, “புளிச்ச மண்ணுக்கா, ஏக்கருக்கு ரெண்டு டன் சுண்ணாம்புத் தூள் போடு,” என்று வாய் நிறையச் சொல்லியிருந்தாள்.

அக்காவின் மண் எட்டு புள்ளி மூணு. ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்து கிடக்கும் மண்ணாகத்தான் இருக்கும். அதில் மேலும் கொட்டினால் வயல் பல வருஷத்துக்கு எழுந்திருக்காது. சுண்ணாம்பு லாரி இன்றைக்குத்தான் வருகிறது, பதினொரு மணிக்கு.

அக்காவைக் கூப்பிட்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வயலுக்குப் போனால் அவள் போனைப் பம்ப் செட்டு ஆணியில் பையோடு மாட்டிவிடுவாள்.

கூடத்தின் பொறுப்பாளரான மேடம் கதவருகே வந்தார். “எங்கே ஓடுறே?”

பொய் சொல்ல நேரமில்லை. எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

“முதல்ல போய் நிறுத்து,” என்றார் மேடம். “திரும்பி வந்து இதையெல்லாம் உன் கையால பதிவேட்டுல எழுது.”

ஆசிட் சொட்டு பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடியின் ஸ்கூட்டரை எடுத்தாள்.

வழியெல்லாம் அத்தானின் குரல்தான் காதில் கேட்டது. அக்காவின் கணவர் கெட்டவர் இல்லை, சலித்துப்போனவர். மூன்று வருஷமாகப் பயிர் மஞ்சளாக முளைத்து மஞ்சளாகவே செத்தது. மேல்மண்ணை ஓரடி ஆழத்துக்குச் செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்துவிடலாம் என்றார். அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். “என் தங்கச்சி சோதிச்சுச் சொல்லியிருக்கா. இன்னும் ஒரே ஒரு வெள்ளாமை.” ஓரடி மண் போனால் அப்புறம் அது வயல் இல்லை, பள்ளம்.

அந்த மஞ்சளைப் புள்ளியும் பார்த்திருக்கிறாள். இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணின் அடையாளம் என்று வருகிற விவசாயிகளுக்கெல்லாம் அவள்தான் பாடம் எடுப்பாள். சொந்த அக்காவின் வயலில் சீட்டை நம்பிக் கண்ணை நம்பாமல் விட்டாள். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வயலை நெருங்கும்போதே வெள்ளைப் புகை தெரிந்தது. லாரி பத்தரைக்கே வந்துவிட்டிருந்தது. டிராக்டர் தூவிக்கொண்டே போக, பாதி வயல் வெளுத்துக் கிடந்தது.

ஸ்கூட்டரைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடினாள். “நிறுத்துங்க! நிறுத்துங்க!”

டிராக்டர்காரர் நிறுத்தினார். அக்கா மூக்கை மூடியிருந்த துணியை இறக்கினாள். “என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?”

“போடாதேக்கா. அந்தச் சீட்டு தப்பு. அது உன் மண்ணு இல்ல.”

“என் மண்ணு இல்லைன்னா? என் கையால தோண்டிக் கொடுத்தேன்.”

“பீக்கர் மாறிடுச்சு.”

“அக்கா, எனக்கு அடுத்த வயல் காத்திருக்கு,” என்றார் டிராக்டர்காரர். “போடணுமா, வேணாமா?”

அக்காவுக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். “அன்னைக்கு ரெண்டு டன்னுன்னே. இன்னைக்கு வேணாங்கிறே. எதைடி நம்புறது? அவர்கிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுறது?”

புள்ளி வெளுக்காத பாதிக்குப் போய்க் குந்தினாள். பாட்டிலைத் திறந்து மண்ணில் நாலு சொட்டு விட்டாள். சுர்ரென்று நுரைத்தது. “பார்த்தியா? சுண்ணாம்பு இருக்கிற மண்ணுதான் இப்படிப் பொங்கும்.”

அக்கா குனிந்து பார்த்தாள். “காத்துல இவ்வளவு தூள் பறந்து விழுந்திருக்கு. பொங்காம என்ன பண்ணும்?”

சோதனைக் கூடத்தில் பதினோரு வருஷம் வேலை பார்க்கும் புள்ளிக்கு அது தோன்றவில்லை. மண்வெட்டியை எடுத்து வெட்டினாள். ஒரு சாண், ஒன்றரைச் சாண். கீழே பழுப்பு மண் ஈரமாக வந்தது. ஒரு கட்டியை உடைத்து, உள்பக்கத்தைத் திருப்பி அக்காவிடம் நீட்டினாள். “நீயே விடு.”

அக்கா விட்டாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு கட்டி முழுக்க நுரைத்துப் பொங்கியது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிராக்டர்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். “போங்கண்ணே. போதும்.”

டிராக்டர் சத்தம் தேய்ந்த பிறகு புள்ளி எல்லாவற்றையும் சொன்னாள். டோக்கன் போடாதது, வரிசையில் நுழைத்தது, செக் மண்ணைத் தள்ளியது. “உனக்குச் சீக்கிரம் கிடைக்கட்டும்னுதான்க்கா,” என்றபோது அழுகை வந்துவிட்டது.

“நான் கேட்டேனா?” என்றாள் அக்கா. வெள்ளை வயலைப் பார்த்தபடி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நாலு அறை கொடுத்திருந்தால்கூடப் புள்ளிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பிப் போய்ப் பதிவேட்டில் எழுதினாள். பாட்டிலை வரப்பிலேயே விட்டுவிட்டு வந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் அக்கா போனை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கவுன்டர் ஜன்னலைத் திறந்தாள். வெளியே வரிசை நின்றது. பதினேழாவது ஆளாக, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள்.

புள்ளி எழுந்து வெளியே ஓடினாள். “உள்ள வாக்கா.”

“எதுக்கு? எனக்கு முன்னாடி பதினாறு பேர் இருக்காங்க.”

“அத்தான் என்ன சொன்னார்?”

“என்ன சொல்வார்? அன்னைக்குச் சாயங்காலமே சூளைக்காரனைக் கூட்டிட்டு வந்துட்டார். வெள்ளையான பாதி அவனுக்கு வேணாமாம். சுண்ணாம்பு மண்ணுல செங்கல் வெடிச்சுடுமாம். நீ காப்பாத்தின பாதியைத்தான் கேட்டான்.”

“கொடுத்துட்டாரா?” என்றாள் புள்ளி.

“உன் பாட்டில் அங்கதானே கிடந்துச்சு. அவன் கண்ணு முன்னாடியே ஒன்றரைச் சாண் தோண்டி, கட்டியை உடைச்சு, அவனையே விடச் சொன்னேன்.” அக்காவின் உதட்டோரம் லேசாக இழுத்தது. “பொங்கினதைப் பார்த்துட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். உன் அத்தான் இந்த மண்ணுக்கு என்னதான் வைத்தியம்னு கேட்டுட்டு வரச் சொன்னார்.”

“பையைக் கொடு, நான் இப்பவே...”

அக்கா பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். “போடி உள்ள. ஆளுங்க நிக்கிறாங்க பாரு.”

புள்ளி உள்ளே போய் உட்கார்ந்தாள். பதினாறு பேருக்கும் டோக்கன் போட்டாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே அக்காவின் முகம் வந்தது. பையை மேஜைமேல் வைத்தாள்.

புள்ளி பதிவேட்டைத் திருப்பினாள்.

“பேரு?” என்று கேட்டாள்.

அக்கா முழுப் பெயரையும் சொன்னாள், அப்பா பெயரையும் சேர்த்து.