திறன் என்ற கட்டத்தில்

"என்ன எழுதியிருக்கே இதுல?"

விருதுத் திட்டத்துக்குப் பொறுப்பான டீச்சர் நோட்டைத் திருப்பி ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். 'பதின்மூன்று வாரம் பயின்ற திறன்' என்று அச்சடித்திருந்தது. அதற்கு நேரே, கட்டத்தை அடைத்துக்கொண்டு குண்டு குண்டான எழுத்தில் எதிரே நின்ற மாணவி எழுதியிருந்தாள்: முடியாது என்று சொல்லுதல்.

"அதைத்தான் டீச்சர் கத்துக்கிட்டேன்."

"விளையாடுறியா? ஒருத்தி கிடார் வாசிக்கிறா, ஒருத்தன் கேக் செய்யக் கத்துக்கிட்டான். நீ என்னடான்னா..."

"அவங்க வீட்ல கிடார் இருக்கு டீச்சர். எங்க வீட்ல சலவைக்கடைதானே இருக்கு."

டீச்சர் கெட்டவர் இல்லை. முப்பது பேரும் தேறினால் பள்ளிக்குக் கேடயம் உண்டு. இருபத்தொன்பது நோட்டுகளை மேசையில் அடுக்கியாகிவிட்டது; நாலு மணிக்குள் மேலிடத்துக்குப் போக வேண்டும். தொண்டையில் மாட்டிய முள் இந்த ஒரு நோட்டுதான்.

தேறினால் கிடைக்கும் அந்த வெண்கல பேட்ஜ் அவளுக்கும் வேண்டும். வேண்டாமலா திட்டத்தில் சொன்னபடி பதின்மூன்று வாரம் மைதானத்தைச் சுற்றி மூச்சிரைக்க ஓடினாள்? சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டினாள்? மூட்டையைச் சுமந்துகொண்டு இரண்டு நாள் மழையில் நடந்தாள்?

"இதோ பாரு, அழகா 'வாடிக்கையாளர் சேவை'ன்னு மாத்திடு. விஷயம் முடிஞ்சது."

"சேவை எங்கம்மா செய்றாங்க டீச்சர். அதனாலதான் கடையில கூட்டம், வீட்ல சண்டை."

பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு சார் களுக்கென்று சிரித்துவிட்டு, இருமுவதுபோல் பாவனை செய்தார்.

"பிள்ளைங்களுக்குத் தன்னம்பிக்கை வளரணும்னுதானே இந்தத் திட்டமே?" என்றார் டீச்சர்.

"வளர்ந்துடுச்சே டீச்சர்."

டீச்சர் ஒரு புதுத்தாளை எடுத்துத் தன் கையாலேயே 'வாடிக்கையாளர் சேவை' என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்துப் போட அவள் அம்மாவை அழைத்துவர ஏற்கெனவே ஆள் போயிருந்தது.

அம்மா அரக்கப்பரக்க வந்தாள். மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு, கையெல்லாம் சோப்பு வாசனை.

"இவ ஏதாவது வாய் பேசிட்டாளா டீச்சர்?"

"இல்லைம்மா. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"சரிங்க டீச்சர்."

என்ன தாள் என்று கேட்கும் முன்பே பேனாவுக்குக் கை நீண்டுவிட்டது. அம்மாவுக்கு அந்தச் 'சரிங்க' எப்போதும் நாக்கு நுனியிலேயே நிற்கும். நாளைக்கே வேணுமா, சரிங்க. மைக்கறை போகணுமா, சரிங்க. கறை போகாது, துணி கொடுத்தவர் வந்து வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார்.

மகள் புதுத்தாளின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"முதல்ல நோட்டைப் படிம்மா. அப்புறம் எதுல வேணும்னாலும் போடு."

"கையை எடுடி. டீச்சர் முன்னாடி என்ன இது?"

"படிம்மா."

அம்மா நின்றபடியே படித்தாள், உதடு அசைய அசைய.

'வாரம் 2: கடையில் ஒருவர் நாளைக்கே வேண்டும் என்றார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டித் துணியை வாங்கிக்கொண்டேன்.

வாரம் 5: முகத்தைப் பார்த்தால் இரக்கம் வருகிறது. துணியைப் பார்த்துப் பேச வேண்டும்.

வாரம் 7: வெறுமனே முடியாது என்றால் கத்துகிறார்கள். ஒருவரிடம், நாளைக்கு முடியாது, வியாழக்கிழமை முடியும் என்றேன். கத்தாமல் போய்விட்டார்.

வாரம் 9: இன்று அம்மாவிடம் சொன்னேன். மற்றவர்களிடம் சொல்வது சுலபம்.'

அம்மாவின் உதடு அங்கே நின்றது. அந்த வாரம்தான் இஸ்திரிப்பெட்டி ஒரு திரைச்சீலையைப் பொசுக்கியது. "கேட்டு வந்தா இன்னும் மெஷின்லதான் கிடக்குன்னு சொல்லிடு" என்றாள் அம்மா. "பொய் சொல்ல என்னால முடியாதும்மா" என்றாள் இவள். இரண்டு நாள் அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மா தானே பொசுங்கிய துணியை எடுத்து விரித்து, அதைக் கேட்டு வந்தவரிடம் காட்டினாள்.

'வாரம் 13: இப்போது கை நடுங்குவதில்லை.'

அம்மா நோட்டை மூடவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க. இதுல இருக்கிறது எல்லாம் நடந்தது. பக்கத்துலயே நின்னு பார்த்தேன். அந்தத் தாள்ல இருக்கிறது நடக்கலையே. நடக்காததுக்கு நான் எப்படிச் சாட்சிக் கையெழுத்துப் போடுறது? தப்பா எடுத்துக்காதீங்க."

ஒரு தடவை சொன்னாலே போதுமே என்று அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. ஆனால் அம்மா குனிந்து நோட்டிலேயே, அந்தக் குண்டு எழுத்துக்குக் கீழேயே, தன் பெயரை எழுத்துக் கூட்டுவதுபோல் நிதானமாக எழுதி முடித்துவிட்டாள்.

டீச்சர் நாற்காலியில் சாய்ந்து மகளைப் பார்த்தார். "இதை நான் மேல அனுப்பினா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. பேட்ஜ் போயிடும். உனக்குப் புரியுதா?"

"புரியுது டீச்சர்." மழையில் நடந்த இரண்டு நாளும் அவள் கண்ணுக்குள் வந்து போயின. "அனுப்பிப் பாருங்க. இது திறன் இல்லைன்னா, ஏன் இல்லைன்னு அவங்க எழுத்துல தரட்டும். வாய்ல சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

"மேலிடத்துக்கிட்டயேவா?"

"கடையில எல்லார்கிட்டயும் ஒரே மாதிரிதான் டீச்சர்."

கணக்கு சார் இம்முறை இருமவில்லை, வாய்விட்டே சிரித்தார். டீச்சர் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு நோட்டை எடுத்து, அடுக்கின் நடுவில், கண்ணில் படாதபடி செருகினார்.

அவள் அதை உருவி எடுத்தாள். மூலை மடங்கியிருந்ததை நீவிவிட்டு, இருபத்தொன்பதுக்கும் மேலே வைத்தாள்.

"வாம்மா, கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருப்பே."