ஜெபராணி ஞாயிற்றை இறக்கியது

கீழக்குளத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஞாயிறு ஊருக்கு மேலாகத் தெற்கே பறந்து போகும். யாராவது அம்பு எய்து அதை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் சனிக்கு மறுநாள் திங்கள்தான். வாரம் ஒரு வீட்டுக்கு முறை. வில்லை அந்தந்த வீட்டார்தான் செய்துகொள்ள வேண்டும். இரவல் வில்லுக்கு ஞாயிறு இறங்காது.

போன வாரம் எதிர்வீட்டு எஸ்தரின் முறை. அவள் மூங்கிலை அவசரமாக வளைத்துக் கட்டி எய்தாள். அம்பு டிஷ் ஆன்டெனாவில் பட்டு விழுந்தது. மறுநாள் எல்லோரும் தலைவாரிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

இந்த வாரம் ஜெபராணியின் முறை. அவள் பேக்கரியில் கேக்குகளுக்குக் கிரீம் பூ வைப்பவள். அவள் கணவன் ஞானதாஸ் தூத்துக்குடியில் லாரி மெக்கானிக். ஞாயிறு இருந்தால்தான் அவனால் வீட்டுக்கு வர முடியும்.

"இந்த வாரமாவது வந்துருவேன்லா?" என்று போனில் கேட்டான்.

"நீங்க பஸ்ஸுக்கு நில்லுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

ஹார்டுவேர் கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, ஒரு பலகை வேணும்."

"கதவுக்கா, அலமாரிக்கா?"

"ஞாயித்துக்கு."

"அப்ப கணு இருக்கப்பிடாது" என்று அண்ணாச்சி உள்ளே போய், அவள் உயரத்துக்கு ஒரு வேங்கைப் பலகையைக் கொண்டுவந்து சாத்தினார். மரத்தின் ரேகை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எங்கும் ஒதுங்காமல் நேராக ஓடியது. ஜெபராணி விரலால் தடவிப் பார்த்துவிட்டு அதையே தோளில் தூக்கிக்கொண்டாள்.

நடுவில் கைப்பிடிக்கு இடம் விட்டு, இரண்டு பக்கமும் முனை நோக்கி ஒடுங்கும்படி கோடு போட்டு அறுத்தாள். வில்லின் வெளிப்புறத்தைத் தொடவில்லை. அங்கே ரேகை அறுந்தால் வில் ஒடிந்துவிடும். உட்புறத்தை மட்டும் அரத்தால் ராவினாள். கொஞ்சம் ராவுவாள், வளைத்துப் பார்ப்பாள், மறுபடி ராவுவாள். கீழ்ப்பாதி நன்றாக வளைந்தது. மேல்பாதி மட்டும் கோபித்துக்கொண்ட மாமன் மாதிரி விறைத்து நின்றது. பொறுமையாக அதையும் வழிக்குக் கொண்டுவந்தாள். உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் பூசி, முறுக்கிய நைலான் கயிற்றை நாணாக மாட்டினாள். அம்பின் நுனிக்கு ரப்பர் மூடி போட்டாள். ஞாயிற்றை நோகடிக்கக் கூடாது, தட்டிக் கூப்பிட்டால் போதும்.

சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் நின்றாள். தெருவே கீழே கூடியிருந்தது. வடக்கே மஞ்சளாகத் தெரிந்தது ஞாயிறு. அசதியாக, கறிக்குழம்பு வாசனையோடு, அவசரமே இல்லாமல் பறந்து வந்தது.

"ஏட்டி, போகுது பாரு, விடு!" என்று எஸ்தர் கத்தினாள்.

ஜெபராணி விடவில்லை. நாணைக் கன்னம்வரை இழுத்தாள். பலகை மெல்ல முனகியது. ஒடிந்தால் இன்னொரு வாரம் போய்விடும். ஞாயிறு நேர் மேலே வந்ததும் விரலை விட்டாள்.

அம்பு அதன் விலாவில் தொப்பென்று தட்டியது. ஞாயிறு நின்றது, திரும்பிப் பார்த்தது, பிறகு வந்து ஊர்மேல் மெத்தென்று படுத்துக்கொண்டது. தெருவில் விசில் பறந்தது. எஸ்தர் ஓடிப்போய் இட்லிக்கு ஊறவைத்திருந்த அரிசியை நிதானமாக ஆட்டத் தொடங்கினாள்.

விடிந்ததும் ஞானதாஸ் வந்தான். வில்லை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நல்லா வளைச்சிருக்க" என்றான். அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று.

துணி காயப்போட இருவரும் மாடிக்குப் போனபோது, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன மத்தியானம் ஒண்டிக் கிடந்தது. ஞாயிற்றின் வயிற்றோடு ஒட்டி வந்திருக்க வேண்டும். பிறந்து அதிக நாள் ஆகியிராது. கிட்டே போனாலே கண் சொக்கியது.

ஞானதாஸ் அதைத் துண்டில் பொதிந்து கீழே தூக்கிவந்தான்.

"இது இருட்டுனா பயப்படும்லா?"

"பயப்படத்தான் செய்யும். லைட்ட அணைக்காம வைப்போம்" என்று சொல்லி ஜெபராணி பால் காய்ச்சப் போனாள்.