வந்த நாய்க்கு முதல் எலும்பு

எங்க நாய் அக்தோஷை நாரின் டவுனுக்கு அனுப்பிடப் போறேன்னு எங்க வீட்டுக்காரர் ஜுமாதில் சொன்ன அன்னைக்கு, நான் அடுப்புல இருந்த பாலைப் பொங்க விட்டுட்டேன். அங்கே அவர் சிநேகிதன் ஒருத்தனுக்கு லாரி ஷெட் இருக்கு. வாசல்ல சங்கிலி போட்டுக் கட்டி வெச்சுக்குவானாம். அக்தோஷ் கன்னுக்குட்டி உயரம், கரடிக் கழுத்து, நெஞ்சுல மட்டும் வெள்ளை. தாய் செத்துப்போன குட்டியை என் கோட்டுக்குள்ள வெச்சுப் பால் ஊட்டி வளர்த்தவ நான். லாரிக்குக் காவல் இருக்கவா வளர்த்தேன்?

அவர் பேச்சுல நியாயமும் இருந்துச்சு, அதுதான் எரிச்சல். வசந்தத்துல ஒரே ஒரு ஓநாய் வந்து மூஞ்சியைக் காட்டிட்டு ஓடுச்சு. நம்ம சூரர் அக்தோஷ் அதைத் துரத்திக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டார். மத்த ஓநாயெல்லாம் பின்பக்கமா வந்து ஆடுகளைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடுச்சு. அதுல பாதி, மேய்க்கச் சொல்லி ஊர்க்காரங்க எங்ககிட்ட விட்ட ஆடு. ஒண்ணு துரத்தப் போனா இன்னொண்ணு மந்தையோட நிக்கணும். அதனால ரெண்டாவது நாய் வேணும், அதோட அக்தோஷ் ஒத்துப்போகணும். கோடையில மலைக்கு மேல் மேய்ச்சலுக்குக் கிளம்புறதுக்குள்ள ஒத்துப்போகலைன்னா அக்தோஷ் டவுனுக்கு, அவன் இடத்துக்குச் சேர்ந்தே வளர்ந்த ஜோடி நாய். இதுதான் அவர் முடிவு.

முதல்ல பக்கத்துக் கூடாரத்து எசென் தன்னோட கறுப்பு நாயைக் கூட்டிக்கிட்டு வந்தான். வீட்டுக்கு ஆள் வந்தா எங்க வீட்டுக்காரருக்குக் கால் தரையில நிக்காது. கறி வேகும், புளிச்ச குதிரைப் பால் குமிஸ் கிண்ணம் கிண்ணமா வரும். எசெனைக் கவனிச்ச கையோட, வந்த நாய் முன்னாடியும் போய்க் குனிஞ்சு, சதையோட ஒரு தொடை எலும்பை வெச்சார். அடுத்த நிமிஷம் முற்றத்துல ரோமம் பறந்துச்சு. எசென் நாய்க்குக் காது கிழிஞ்சுது. எசெனுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு.

"ரெண்டும் ஆம்பிளை. ஒரே முற்றத்துல எப்படி இருக்கும்? பொட்டை நாயாப் பாரு" அப்படின்னு ஆளாளுக்கு அறிவுரை. சரின்னு கணவாய்க்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு பொட்டை நாய் வந்துச்சு. அதுக்கும் அதே உபசாரம், அதே தொடை எலும்பு. பொட்டை நாயை அக்தோஷ் கடிக்கமாட்டான், அது அவனோட மரியாதை. உறுமி அதைக் குதிரை கட்டுற கம்பம் வரைக்கும் விரட்டிட்டு வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கிட்டான். நான் கஞ்சி ஊத்தினேன், தொடலை. "உன் புள்ளைக்குத் தலைக்கனம்" அப்படின்னார் இவர். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வாயைத் திறந்தா சண்டையாகும்னு சாணி வரட்டியைப் போட்டு உடைச்சேன்.

ஆடுகளை மேலே ஓட்ட வேண்டிய நேரம் நெருங்கிடுச்சு. அப்பத்தான் என் நாத்தனார் மைராம் தன்னோட கோனுரைக் கூட்டிக்கிட்டு வந்து இறங்கினா. கோனுர் பழுப்பு நிறப் பொட்டை, அக்தோஷைவிட ஒரு பிடி சின்னது. ஆட்டுக்குப் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்குற சுபாவம். ரெண்டையும் ஆத்தங்கரையோரமா நடத்திக்கிட்டு வந்தோம். மோந்து பார்த்துச்சு, வாலை ஆட்டுச்சு, ஒண்ணும் வம்பில்லை. எனக்கு உயிரே வந்துச்சு.

கூடாரத்துக்கு வந்ததும் கறி வந்துச்சு. எங்க வழக்கம் தெரியுமே, ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு ஆள் உண்டு. பொம்பளைகள்ல மூத்தவளுக்கு வால் எலும்பு, கொழுப்போட, வாயில வெச்சா கரையும். மைராம் என்னைவிடப் பத்து வயசு சின்னவ. ஆனா விருந்தாளி ஆச்சே. இவர் அந்தத் துண்டை எடுத்து, என் மூக்குக்கு முன்னாடியே கொண்டுபோய், தங்கச்சி தட்டுல வெச்சார். எனக்கு வந்தது கழுத்தெலும்பு. விருந்தாளி வந்தா இந்த வீட்டுல என் பங்குக்குக் கழுத்துதான்.

மைராம் மேல கோபமே இல்லை, நல்ல பொண்ணு. எந்தப் பக்கம் பார்க்குறதுன்னு தெரியாம வாசல் பக்கம் திரும்பினேன். அதுக்குள்ள இவர் வெளியே போய்க் கோனுர் முன்னாடி தொடை எலும்பை நீட்டிக்கிட்டிருந்தார். அக்தோஷ் அதைப் பார்த்துக்கிட்டு நின்னான். அந்த மூஞ்சி என் மூஞ்சிதான். கழுத்து ரோமம் மெல்ல எழும்ப ஆரம்பிச்சுது.

அடப் பாவி மனுஷா, எல்லாக் கூத்தும் இந்த முதல் எலும்பாலதானான்னு எழுந்து ஓடினேன். அவர் கையிலிருந்த எலும்பைப் பிடுங்கி அக்தோஷ் முன்னாடி வெச்சேன். அவருக்கு முகம் சிவந்துபோச்சு. "என்ன பண்றே கனிஷாய்? வீட்டுக்கு வந்த நாயைக் காக்க வெக்கிறதா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"இது விருந்துக்கு வந்த நாயா, வாழ வந்த நாயாங்க?"

அவர் கோனுரைத் திரும்பிப் பார்த்தார்.

"விருந்தாளின்னா நாளைக்குக் கிளம்பிடும், நல்லாக் கவனிங்க. வாழ வந்ததுன்னா மூத்தவன் சாப்பிட்டதுக்கு அப்புறம்தான் அதுக்கு. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தப்போ எனக்குப் பெரிய விருந்தாளிக்கு வெக்கிற மாதிரி ஆட்டுத்தலையையா வெச்சீங்க? விளக்குமாத்தைத்தானே கொடுத்தீங்க."

உள்ளேயிருந்து மைராம் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

கோனுர் தள்ளி உக்காந்து காத்துக்கிட்டிருந்துச்சு, நல்ல வீட்டுப் பொண்ணு. அக்தோஷ் நிதானமா, ஊருக்கே காட்டிக்கிட்டுத் தின்னான். பாதி சதை தீர்ந்ததும் எழுந்து ரெண்டடி விலகிப் படுத்தான். கோனுர் மெல்ல வந்து மிச்சத்தை எடுத்துச்சு. அவன் கொட்டாவி விட்டான், அவ்வளவுதான்.

மேல் மேய்ச்சலுக்கு ரெண்டும் சேர்ந்தே வந்துச்சு. ஒரு சாயங்காலம் ஒத்தை ஓநாய் பாறை மேல ஏறி மறுபடியும் மூஞ்சியைக் காட்டுச்சு. சூரர் எப்பவும் போல எகிறிப் பாய்ஞ்சு போயிட்டார். கோனுர் மந்தையைவிட்டு ஒரு அடி நகரலை. பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்துக் குரைச்ச குரைப்புல, பதுங்கி வந்ததெல்லாம் திரும்பிப் போச்சு. அன்னைக்கு ஒரு குட்டி ஆடுகூடக் குறையலை. லாரி ஷெட்டுக்காரனுக்கு வேற நாய் பார்த்துக்கச் சொல்லி இவரே போன் பண்ணினார். நான் அக்தோஷ் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதேன், வெக்கமில்லாம.

கோடை முடியறதுக்குள்ள மைராம் தன் நாயைப் பார்க்க மேலே வந்தா. கறி வெந்துச்சு. இவர் கத்தியோட உக்காந்து எலும்பு எலும்பாப் பிரிச்சார். வால் எலும்பு கைக்கு வந்ததும் கை நின்னுபோச்சு. தங்கச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசல்ல படுத்திருந்த அக்தோஷைப் பார்த்தார். அப்புறம் என் தட்டுல வெச்சுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

மைராமுக்குச் சிரிப்பு தாங்கலை. "என்ன அண்ணி, உறுமினீங்களா?"

"கடிக்கலைன்னு சந்தோஷப்படு" அப்படின்னேன்.

முதல்ல நான் ரெண்டு வாய் தின்னேன், நல்லா ருசிச்சு. அப்புறம் மிச்சத்தைப் பாதியா அறுத்து அவ தட்டுல வெச்சேன்.