நீர்முள்ளிக் கசாயம்

சௌடேஸ்வரிக்கு எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கி மெட்டி விரலை இறுக்க, சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. மூத்த தாரம் பஞ்சம்மாளுக்கு அந்த வீக்கத்தைவிடப் புருஷனுடைய கைதான் கண்ணை உறுத்தியது. தறிக்குழியை விட்டு எழ நேரமில்லை என்று சோற்றைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொல்லும் சென்னய்யா, இப்போது பொழுது சாய்ந்ததும் இளையவள் காலை மடியில் தூக்கி வைத்து எண்ணெய் தேய்க்கிறார். இத்தனை வருஷத்தில் பஞ்சம்மாளின் காலை ஒரு நாள் தொட்டதில்லை. பிள்ளையில்லை என்று இரண்டாந்தாரம் கட்டியபோதுகூட அவளுக்கு இப்படி வயிறு எரியவில்லை. அது பிள்ளைக்காக. கால் பிடித்துவிடுவது எதில் சேர்த்தி?

வீக்கத்துக்கு நீர்முள்ளி கைகண்ட மருந்து என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கிடந்து அனுபவிக்கட்டும் என்றிருந்தாள். பிறகுதான் உறைத்தது: வீக்கம் இருக்கும்வரை அந்தக் கை அங்கேயேதான் இருக்கும்.

மறுநாள் விடிந்ததும் கம்மாய்க்குப் போனாள். தை மாதம். தண்ணீர் உள்வாங்கிய சேற்றில் நீர்முள்ளி ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. கணுவுக்குக் கணு முள். வேரோடு பிடுங்கிக் கட்டுவதற்குள் கையெல்லாம் கீறி, குதிகாலில் ஒரு முள் ஏறி ஒடிந்துகொண்டது. வீட்டுக்கு வந்து அலசி, நறுக்கி, சோம்பு தட்டிப் போட்டு, பாதியாக வற்றக் காய்ச்சிக் கொடுத்தாள். தினமும் கொடுத்தாள்.

“அக்கா, எங்கம்மாகூட என்னைய இப்பிடிப் பாத்ததில்ல” என்று சௌடேஸ்வரி கண் கலங்கினாள். பஞ்சம்மாள் டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வீக்கம் வடிந்தது. இனி எண்ணெய்க்கு வேலையில்லை என்று பஞ்சம்மாள் நிம்மதியாக உட்கார்ந்திருந்த சாயங்காலம், சென்னய்யா தறியை விட்டு எழுந்தார். மாடத்திலிருந்து மெட்டிகளை எடுத்தார். இளையவள் காலை மடியில் வைத்து, வலிக்காமல் பார்த்துப் பார்த்து மாட்டிவிட்டார்.

பஞ்சம்மாளால் பொறுக்க முடியவில்லை. “என் குதிங்கால்லயும் முள்ளு ஏறிக் கெடக்குது. கொஞ்சம் எடுத்து விடுங்க” என்றாள். கேட்டுவிட்டு அவளுக்கே உடம்பு கூசியது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“மாடத்துல ஊசி கெடக்கும் பாரு” என்றார்.

அடுப்படியில் உட்கார்ந்து அவளே முள்ளை எடுத்தாள். எதிரே சட்டியில் நாளைக்கான கசாயம் இருந்தது. ஆத்திரத்தோடு தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கொட்டினால் வீக்கம் திரும்பும். வீக்கம் திரும்பினால் எண்ணெய்க் கிண்ணமும் திரும்பும். சட்டியைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்து, தட்டுப் போட்டு மூடினாள்.