கீழ்க்கண்ணுக்கு ஒரு பொட்டு

ஆயுத பூஜையன்று வைஜெயந்தி சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டால் வீட்டில் எதுவும் தப்பாது. ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மணை என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், கணவன் தேவேந்திரனின் பழைய கேமராவுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் யோசித்தாள். அதற்கு மேலே ஒரு கண், கீழே ஒரு கண். சண்டே மார்க்கெட்டில் வாங்கிவந்த அன்றைக்கே, "மேல்கண்ணு வழியாத்தான் பார்க்கணும்" என்று அவன் சொல்லியிருந்தான். பார்க்கிற கண்ணை மறைக்கலாமா? கீழ்க்கண்ணின் நடுவில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள்.

தேவேந்திரனின் சொந்தக் கண்கள் மங்கிக்கொண்டே வந்தன. அடுத்த வாரம் ஆபரேஷன். பார்வை திரும்புமென்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. அதற்குள் அவளைத் தெளிவாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

மறுநாள் மாலை பாகூர் ஏரிக்கரையில் அவளை நிறுத்தினான். கேமராவை வயிற்றோடு அணைத்து, குனிந்து மேல்மூடிக்குள் பார்த்தான். சின்னக் கண்ணாடியில் ஏரி இடவலம் மாறிக் கிடந்தது. வடக்கே போகும் மேகங்கள் தெற்கே போயின. அதிலேயே சொக்கிப்போனான்.

"இன்னாங்க, தூங்கிட்டீங்களா?"

"மேகம் போவுதுடி. இதுக்கு ரெட்டைக் கண்ணு வந்ததே மேகத்தாலதானாம். அந்தக் காலத்துல ஒத்தக் கண்ணு கேமரா. உள்ள படம் புடிக்கிற கண்ணாடி பிளேட்டு போட்டுட்டா அது மறைச்சுக்கும், அப்புறம் ஒண்ணும் தெரியாது. ஆளு நிப்பான், மேகம் நிக்குமா? அதான் சீமையில இன்னொரு கண்ணு வச்சாங்களாம். மேல்கண்ணு பார்த்துக்கினே இருக்கும். கீழ்க்கண்ணு புடிச்சு வச்சுக்கும்."

சொல்லி முடிக்கும்போதே பட்டனை அழுத்தியிருந்தான். ரோலில் கடைசிப் படம்.

வைஜெயந்திக்கு அப்போதுதான் புரிந்தது. கீழ்க்கண் அவள் வைத்த பொட்டோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்ல வாயெடுத்தாள், அவன் முகத்து நிறைவைப் பார்த்து விழுங்கிவிட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வெளிச்சம் மீண்டது, தெளிவு மீளவில்லை. சென்னையில் கழுவிய படம் அப்புறம்தான் வாட்ஸ்அப்பில் வந்தது. ஏரி, பனைமரம், வைஜெயந்தி எல்லாம் பனிக்குள் கரைந்திருந்தன. தப்பை ஒப்புக்கொள்ள வாய் திறந்தவளிடமிருந்து போனை வாங்கி, மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டான்.

"உனக்கும் இது மங்கலாத்தான் தெரியுதா?"

"ஆமாங்க. அது வந்து..."

"அப்ப சரி. எனக்கு நீ இப்பிடித்தாண்டி தெரியற. எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

அவள் போனைத் திருப்பி வாங்கி வெகுநேரம் பார்த்தாள். கண் நிறைந்து படம் இன்னும் மங்கியது.

"நல்லாத்தான் இருக்கேன்," என்றாள்.