ஐந்தாவது நிறமும் ஒரு முடிச்சும்

கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஜெமீலாவின் பையைக் கவிழ்த்து, மூன்று கைத்தறிச் சாறன்களையும் உதறிப் பார்த்தபோது மணி இரண்டு. மட்டக்களப்பு நகரில் வினாயகமூர்த்தி நடத்திய கணினி நிலையத்தில் அவள் நுழைந்தபோது இரண்டரை. காத்தான்குடிக்குக் கடைசி பஸ் நாலரைக்கு. அதற்குள் மூன்று சாறன்களும் டோகா போய்ச் சேர வேண்டும். துணியாக அல்ல, படமாக.

அது இரண்டாயிரத்தோராம் ஆண்டு. யுத்தத்தால் பாதை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தெரியாமல் கொழும்பு வியாபாரிகள் வரவை நிறுத்தியிருந்தார்கள். அவளுடைய எட்டுத் தறிகளில் ஐந்து சும்மா கிடந்தன. அவளுடைய சாச்சியின் மகன், தம்பி முறையான சரீப், டோகாவில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறான். அவன் ஒரு வழி சொல்லியிருந்தான். முதலாளி இன்ரநெற்றில் பார்த்துப் பிடித்தால் அறுநூறு சாறன். இந்த வியாழன் தாண்டினால் ஓடர் வேறு ஆளுக்கு. அன்றுதான் வியாழன்.

வினாயகமூர்த்தி சாறனை ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்து அனுப்பினான். இரண்டு நிமிடத்தில் லைன் அறுந்தது. மறுபடியும் அனுப்பினான். மறுபடியும் அறுந்தது.

"படம் பாரம் அக்கா. இஞ்ச லைன் ரெண்டு நிமிசத்துக்கு மேல நிக்காது" என்றான். "இந்த சொஃப்ட்வெயர நானும் போன கிழமதான் போட்டன். இதில தரத்தக் குறைக்கலாம்."

நூறிலிருந்து தொண்ணூறுக்கு இறக்கினான். பிறகு எண்பத்தைந்து.

"தம்பி, நீங்க சந்தைக்கே போறல்லயா?" என்றாள் ஜெமீலா. "விக்கிறவன் சொன்ன விலையில இருந்து ஆரும் தொடங்குவாங்களா? அடியில இருந்து ஏறுங்க."

பத்தில் வைத்தான். கட்டம் போட்ட சாறன் மழையில் நனைந்த பத்திரிகை மாதிரித் தெரிந்தது. முப்பதிலும் கோடுகள் கலங்கியே நின்றன.

"படத்தச் சேமிக்க வேற வகை ஒண்டு இரிக்கு. நிறத்த எண்ணிச் சேமிக்கிறது. இருநூத்தி ஐம்பத்தாறு நிறம்."

"நான் வாங்கின நூல் நாலு நிறம். மிச்சம் ஆருக்கு?"

"மடிப்பு, நிழல் எல்லாம் போயிருமே அக்கா."

"சாறன் வாங்கிறவன் நிழலயா உடுக்கிற?"

நாலு என்று அடித்தான். கோடுகள் கத்தியால் வெட்டினாற்போல் நின்றன. பாரம் இருபதில் ஒரு பங்காகிவிட்டது. அவன் அனுப்பப் போனான். ஜெமீலா அவன் கையைத் தடுத்தாள். கட்டங்களுக்கு நடுவே ஓடும் மயிரிழை மஞ்சள் கோட்டைக் காணவில்லை. நூலின் நிழலையும் ஒரு நிறமாக எண்ணி, மெல்லிய மஞ்சளைக் கணினி விழுங்கியிருந்தது. அந்தக் கோட்டுக்காகத்தான் அவளுடைய சாறனை ஆட்கள் கேட்டு வாங்குவார்கள்.

"சரி, அஞ்சு" என்றாள். "அதுக்கு மேல போக ஏலா."

மஞ்சள் வந்தது. மூன்று படங்களும் இருபது வினாடியில் போய்ச் சேர்ந்தன. வினாயகமூர்த்தி இணைப்பைத் துண்டித்து டெலிபோனை விடுவித்தான். கால் மணித்தியாலத்தில் அது மணியடித்தது.

"ராத்தா, முதலாளி பார்த்தார்" என்றான் சரீப். "இது மெஷின் துணியாம். கைத்தறிக்கு இவ்வளவு சுத்தம் வராதாம். மெஷின் துணி அவருக்கு வேணாமாம்."

ஜெமீலா திரையைத் திரும்பிப் பார்த்தாள். பேரத்தில் பாரத்தை இறக்கியது போதாதென்று, நிழலோடு சேர்த்துத் தன் சரக்கின் கைத்தறி முகத்தையும் இறக்கிவிட்டாள்.

"அரை மணித்தியாலம் நிக்கச் சொல்லு" என்று டெலிபோனை வைத்தாள். சாறனை விரித்து ஓரமாகத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. நெய்யும்போது நூல் அறுந்து, முடிந்து தொடர்ந்த இடம். கடையில் விற்கும்போது அந்த இடம் உள்ளே போகும்படிதான் எப்போதும் மடிப்பாள்.

"இதப் போடுங்க."

"முடிச்சையா அக்கா? பழுதெண்டு சொல்ல மாட்டாங்களா?"

"மெஷின் முடிச்சுப் போடாது. உள்ளங்கை அளவு போதும். ஆனா நிறத்துல ஒண்டையும் குறைக்காதீங்க. நிழலும் வேணும்."

"அது பாரமாகும்."

"ஆகட்டும். கேக்கிறதக் குடுங்க."

படம் நாற்பது வினாடி கேட்டது. திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. முப்பதாவது வினாடியில் கோடு நின்று, மறுபடி நகர்ந்து, முடிந்தது.

கடைசி பஸ் போய்விட்டது. அவள் கதிரையை டெலிபோனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். பத்து நிமிடத்தில் மணியடித்தது.

"முதலாளி முடிச்சப் பார்த்துச் சிரிச்சார்" என்றான் சரீப். "அறுநூறும் எடுக்கிறாராம். முடிச்சு இருக்கிறபடியால் விலையில பத்து வீதம் குறைக்கட்டாம்."

"குறைக்கிறதா?" என்றாள் ஜெமீலா, சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. "முடிச்சுக்கு நான் தனியாக் காசு கேக்கல்லயெண்டு சந்தோசப்படச் சொல்லு."